சிங்காரியைக் கூப்பிட்ட குரல்

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மந்தைவெளி சுகாதார அலுவலகத்துக்கு ஒரு திருட்டுப் புகார் வந்தது. திருட்டுக்கும் சுகாதாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சானிடரி இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி கேட்கவில்லை. பதினாறு வருஷ சர்வீஸில் எந்தெந்தக் கேள்விகளைக் கேட்கக் கூடாது என்பது அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

புகார் கொண்டுவந்தவர் கால்வாய் ஓரத் தெருவில் குடியிருக்கும் நீரஜா மாமி.

"நேத்து சாயங்காலம் ஒண்ணு. விளக்கு வைக்கறதுக்குள்ள இன்னொண்ணு. இன்னிக்குக் கார்த்தால மூணாவது. எல்லாம் எங்காத்துக்காரரோட எட்டு முழ வேஷ்டி. கொல்லைக் கொடியில உலர்த்தியிருந்தேன்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"சந்தேகமென்ன, கண்ணால பார்த்தேனே! ஒரு கறுப்புப் பன்னி. நுனியைக் கவ்வி இழுத்துண்டு போறது. 'ஏய்'னு கத்தறேன், திரும்பி ஒரு பார்வை பார்த்துட்டு நிதானமா நடக்கறது. ஓடக்கூட இல்லை, சார். அவ்வளவு திமிர்!"

கோதண்டபாணி எழுதிக்கொண்டார். சந்தேகிக்கப்படுபவர்: பன்றி. நிறம்: கறுப்பு. "ஆணா, பொண்ணாம்மா?"

"வயிறு தரையில இடிக்கறது. நிறைமாசம்னு எனக்குத் தெரியாதா? நாலு பெத்தவ நான்."

"உங்க கொல்லைப் பக்கம் அது ஏன் வருதுன்னு..."

"எச்சில் எலைக்கு வரது. வேற எதுக்கு? தெனம் செவுத்துக்கு அந்தண்ட போடறோமோல்லியோ? எங்காத்துக்குள்ள போட முடியுமா?"

முடியாதுதான் என்று ஒப்புக்கொண்டார் கோதண்டபாணி. இலையைப் பற்றி அவர் எழுதவில்லை. புகார்ப் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

மாமி போனதும் டிராயரைத் திறந்து வயிற்றெரிச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். மாத்திரை டப்பாவுக்கு அடியில் ஓர் உத்தரவு இருந்தது. சனிக்கிழமை வெளிநாட்டு நிபுணர்கள் கால்வாயைப் பார்வையிட வருகிறார்கள். அவர்கள் கண்ணில் ஒரு பன்றிகூடப் படக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் கரையில் உள்ள பதினொரு பன்றிகளையும் பிடித்து டிப்போவில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். தவறினால் இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் செய்யப்படுவார். அந்த ஆர்டர் ஏற்கெனவே டைப் அடித்துத் தயாராக இருக்கிறது என்றும், தேதி போடுவதுதான் பாக்கி என்றும் ஹெல்த் ஆபீசரின் கிளார்க் அன்போடு சொல்லிவிட்டுப் போயிருந்தார். டிப்போவுக்குப் போன பன்றி எதுவும் திரும்பி வந்ததில்லை.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பன்றி பிடிக்கும் லாரி கால்வாய்க் கரைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தது. பிடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி சுப்பராயன். இருபது வருஷ அனுபவஸ்தர்.

"சார், அந்தக் கறுப்பு பன்னியே இல்ல சார், சி.ஐ.டி.!" என்றார் சுப்பராயன். "தண்ணி லாரி வந்தா தலயக்கூட தூக்கறதில்ல. நம்ம லாரி மூலைல திரும்பறதுக்குள்ள மத்த பத்தையும் இஸ்துகினு பொதருக்குள்ள பூடுது. எஞ்சின் சத்தத்துல வித்யாசம் கண்டுபுடிக்குது சார். எனுக்கே தெரியாது அது."

"புதன்கிழமை கூண்டு வெச்சியே?"

"அத்த கேக்காதீங்க." சுப்பராயன் தலையைச் சொறிந்தார். "பழத்த போட்டு வெச்சன். அது கிட்ட வர்ல. ஒரு ஓரமா நின்னு பாத்துகினே கீது. சின்னக் கடுவன் பன்னி ஒண்ணு உள்ள பூந்துச்சி, கதவு வுழுந்துச்சி. இது மெதுவா வந்துச்சி சார். மூக்கால அந்தக் கொண்டிய நெம்பிச்சி. கதவு தொறந்துகிச்சி. கடுவன் வெளிய வந்துட்ச்சி. ரெண்டும் பழத்த துன்னுட்டு போச்சிங்க. அந்தக் கதவு போட்டவனே நான்தான். எனுக்கே தொறக்க ரெண்டு கை வேணும்."

வராந்தாவில் பீடியை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்த லாரி டிரைவர் ஷரீஃப், "அதுக்குப் பரீட்ச வெச்சா நீ பெயிலு, மேஸ்திரி," என்றார். ஷரீஃப் வண்டியை ஓட்டுவாரே தவிரப் பன்றியைத் தொட மாட்டார். வேலையில் சேரும்போதே சொல்லிவிட்டார். அலுவலகமும் அதை மதித்துப் பன்றி லாரியையே அவருக்குக் கொடுத்திருந்தது.

"ஒரே வழிதான் கீது, சார்," என்றார் சுப்பராயன். "லாரிய தூரமா நிறுத்திட்டு, பச்சையம்மாவ உட்டு கூப்ட சொல்லணும். அவ கொரலுக்கு மட்டும்தான் அது வரும்."

பச்சையம்மாவின் குடிசை கால்வாய்க் கரையில், இடிந்து போன ஒரு பம்பு அறைக்குப் பக்கத்தில் இருந்தது. பன்றிகள் அவளுடையவை. நாற்பது வயது, ஒல்லி உடம்பு, காது கூசும் குரல். கோதண்டபாணியை வாசலில் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"கூப்ட்டா வரும், சார். அதான் பயமா கீது."

"எல்லாமே வருமா?"

"சிங்காரி வந்தா எல்லாம் வரும். அந்தக் கறுப்பு. அதும் சாயம் போன மொகத்த பாத்துட்டு நாங்கதான் கிண்டலா பேரு வெச்சோம். பேரு வெச்சி கூப்டகூப்ட அதுக்கும் புட்ச்சிபோச்சி." கொஞ்சம் தயங்கி, "வாங்க, ஒண்ணு காட்றேன். கிட்ட போவாதீங்க, தள்ளி நின்னு பாருங்க," என்றாள்.

கோரைப் புதருக்குள் ஒரு பள்ளம் தோண்டப்பட்டிருந்தது. அதில் மாமி வீட்டு வேஷ்டிகள் மூன்றும் இருந்தன. இரண்டு விரிப்பாக, ஒன்று சுருட்டப்பட்டு ஓரத்தில் அணைப்பாக. அவற்றின் மேல் தென்னை ஓலை, பிரிந்த பாய், கோரைக் கட்டுகள், போன தேர்தலில் ஒட்டிய சுவரொட்டி ஒன்று. சுவரொட்டியில் வேட்பாளர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கட்டித் தருவதாகச் சொன்ன எந்த வீட்டையும்விட இது உறுதியாக இருந்தது.

சிங்காரி வாயில் ஓர் ஓலையுடன் வந்தது. இறக்கி வைத்தது. மூக்கால் தள்ளிப் பார்த்தது. திருப்தி இல்லை. எடுத்து இன்னொரு பக்கம் வைத்தது. முன்காலால் அழுத்தியது. மறுபடி எடுத்தது.

"இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போட்ரும்," என்று பச்சையம்மா கிசுகிசுத்தாள். "நேத்துலேந்து இப்டித்தான், நிக்காம அலையுது. போன தபா மழ வந்து ரெண்டு குட்டி முழுவி செத்துபோச்சி. மூணு நாளு அந்த எடத்தவுட்டு நவுரல. சோறு வெச்சேன், திரும்பிப் பாக்கல. இந்த தபா பாருங்க, மேட்டுல தோண்டிக் கீது."

கோதண்டபாணி மேட்டைப் பார்த்தார். தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். பொதுப்பணித் துறைக்கு இந்த யோசனை இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். நினைத்த கையோடு நாளை மதியம் ஒரு மணியும் நினைவுக்கு வந்தது.

"இதோ பாரு பச்சையம்மா. நான் ஒரு வார்த்தை சொல்றேன். பாலவாக்கத்துல உன் தம்பி சவுக்குத் தோப்புக்குக் காவல் இருக்கான் இல்ல? பத்துப் பன்னியையும் அங்க கொண்டு போய் விட்டுடறேன். டிப்போவுக்குப் போகாது. ரசீதுக்கு டிப்போக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். சிங்காரிய யாரும் தொட மாட்டாங்க. அது இங்கயே குட்டி போடட்டும். பத்து நாள் கழிச்சு அதையும் அங்க கொண்டு போயிடலாம். கூப்பிட மட்டும் கூப்பிடு."

"சத்தியமா, சார்?"

"சத்தியமா."

சொல்லும்போது அவர் அதை நம்பத்தான் செய்தார். இதில் மோசமான அம்சமே அதுதான். வேண்டுமென்றே பொய் சொல்கிறவனுக்காவது தான் என்ன செய்கிறோம் என்பது தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்தே காலுக்கு பச்சையம்மா ஓர் அலுமினியத் தட்டைக் குச்சியால் தட்டினாள். லாரியை ஷரீஃப் இரண்டு தெரு தள்ளி நிறுத்தியிருந்தார். சுப்பராயனும் ஆட்கள் நால்வரும் சுருக்குக் கயிறும் கம்பியுமாகப் பம்பு அறைச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தார்கள்.

"பா... பா... வாம்மா சிங்காரீ... பா..."

புதர் அசைந்தது. சிங்காரி வெளியே வந்தது. பின்னால் பத்துப் பன்றிகள்.

பாதி வழியில் சிங்காரி நின்றுவிட்டது. மூக்கைத் தூக்கியது. காற்று சுவர்ப் பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்தது. அதன் காதுகள் சுவரை நோக்கித் திரும்பின. முதுகு மயிர் சிலிர்த்தது. பின்னால் வந்த பத்தும் அதன் முதுகைப் பார்த்தபடி நின்றன. சுவருக்குப் பின்னால் சுப்பராயன் மூச்சை அடக்கிக்கொண்டார். ஒரு பன்றி, மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு நின்றுகொண்டிருந்தது. இன்னும் ஒரு நொடியில் அது திரும்பி ஓடிவிடும். கோதண்டபாணியின் வேலையும் அதோடு ஓடிவிடும்.

"கூப்பிடு," என்று குடிசை வாசலில் நின்றபடி பல்லைக் கடித்தார் அவர்.

"பயப்படுது, சார்..."

"கூப்பிடு!"

"வாம்மா," என்றாள் பச்சையம்மா. குரல் கொஞ்சம் பிசிறியது. "நான்தான்ம்மா. வா."

சிங்காரியின் காதுகள் சுவரிலிருந்து விலகி அவள் பக்கம் திரும்பின. மூக்கு ஒன்று சொன்னது, காது வேறொன்று சொன்னது. இரண்டுக்கும் நடுவில் அது சிறிது நேரம் நின்றது. பிறகு காது சொன்னதைக் கேட்டு நடந்து வந்து, அவள் முழங்காலில் முகத்தை வைத்துத் தேய்த்தது.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஹெல்த் ஆபீசர் இறங்கினார். உத்தரவின்படி எல்லாம் நடக்கிறதா என்று நேரில் பார்க்கும் பழக்கம் அவருக்கு வருஷத்துக்கு ஒரு முறை வரும்.

"எக்ஸலண்ட், கோதண்டபாணி! எத்தனை?"

"பதினொண்ணு, சார். ஆனா..."

"அந்தப் பெரிசை முதல்ல கட்டச் சொல்லுங்க. அதுதானே தலைவி?"

பச்சையம்மா கோதண்டபாணியைப் பார்த்தாள். சுப்பராயனும் கயிறும் கையுமாக அவரைப் பார்த்தார். 'இல்லை சார், இதற்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். கோதண்டபாணி அந்த மூச்சை இழுத்தார். பிறகு, "யெஸ், சார்," என்றார்.

சுருக்கு விழுந்தது. சிங்காரி போட்ட கூச்சலில் மந்தைவெளி மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன. பிறகு கூச்சல் காதுக்கு இதமாக இல்லாததால் மூடிக்கொண்டன. வாயைச் சுற்றிக் கம்பி இறுகியதும் சத்தம் அடங்கியது. நாலு காலையும் சேர்த்துக் கட்டி, நடுவே கழியைச் செருகித் தூக்கினார்கள். தலைகீழாகத் தொங்கியபடி அது பச்சையம்மாவையே பார்த்துக்கொண்டு போயிற்று. மற்றவற்றில் ஒன்றுகூட ஓடவில்லை. எங்கே ஓடுவது என்று சொல்ல வேண்டியது கழியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஹெல்த் ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். கோதண்டபாணி பதிவேட்டில் எண்ணிக்கையை எழுதினார். அதை எழுதத் தலை குனிய வேண்டியிருந்தது அவருக்கு வசதியாக இருந்தது.

"நானும் வரேன்," என்றாள் பச்சையம்மா. பதிலுக்குக் காத்திராமல் லாரியின் பின்பக்கம் ஏறிப் பன்றிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். அவளை இறங்கச் சொல்லும் தெம்பு யாருக்கும் இல்லை. சுப்பராயனும் பின்னாலேயே ஏறிக்கொண்டார்.

முன்னால் ஷரீஃபுக்குப் பக்கத்தில் கோதண்டபாணி உட்கார்ந்தார். அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் டிப்போ. நேராகப் போனால் திருவான்மியூர், அதற்கப்புறம் பாலவாக்கம். பாலத்தின் நடுவில் ஒரு பஸ் பழுதாகி நின்றதால் இரண்டு பக்கமும் போகாமல் லாரி நின்றது. மணி பதினொன்றே முக்கால். தகரம் வெயிலில் கொதித்தது. பத்து நிமிஷம் போயிற்று. இருபது நிமிஷம் போயிற்று. பஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு, எப்படித் தள்ளுவது என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

திடீரென்று கேபினுக்குப் பின்னால் தட்டும் சத்தம்.

"சார்!" பச்சையம்மாவின் குரல். "சார், வலி எடுத்துட்ச்சி! கால அவுருங்க சார்! கட்டிப் போட்டா எப்டி சார் பெறும்?"

கோதண்டபாணி இறங்கிப் பின்பக்கம் ஏறினார். உள்ளே அனல். பதினொரு பன்றிகளும் மூட்டை அடுக்கியது போல அடுக்கப்பட்டிருந்தன. சிங்காரி மூலையில் பக்கவாட்டில் கிடந்தது. வயிறு இறுகித் தளர்ந்தது, மறுபடி இறுகியது. வாயைத் திறக்க முடியாமல் மூக்கால் மட்டும் இழுத்து இழுத்து மூச்சு வாங்கியது. ஒவ்வொரு முறை வலி வரும்போதும் கட்டிய கால்களை நீட்டப் பார்த்தது. கயிறு நீட்ட விடவில்லை. புதன்கிழமை கூண்டிலிருந்து மீட்கப்பட்ட கடுவன், தன் வாயிலும் கம்பியோடு, ஊர்ந்து ஊர்ந்து வந்து அதன் கழுத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தது. மற்றவை சத்தமே போடவில்லை. இத்தனை பன்றிகள் இருக்கும் இடத்தில் இத்தனை அமைதி இருக்க முடியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"அவுத்தா குதிச்சிடும், சார்," என்றார் சுப்பராயன். குரலில் உறுதி இல்லை. "அப்பால கணக்குல ஒண்ணு கொறயும். பொதுவா பெத்துட்டு செத்துபூடும். இல்லாங்காட்டி பெறாமயே. டிப்போல செத்ததையும் கணக்குல சேத்துப்பாங்க."

மணி பன்னிரண்டேகால். இன்னும் முக்கால் மணி நேரத்தில் ரசீது வாங்கியாக வேண்டும். கோதண்டபாணி சிங்காரியின் முகத்தைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் ஆயிரத்துச் சொச்சம் பன்றிகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றின் முகத்தையும் பார்த்ததில்லை. வெளிர் இமை மயிர்கள் துடிக்க, அது அவரைப் பார்த்தது. கெஞ்சுகிறதா, சபிக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. பயத்தில் இருக்கிறது என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அந்தப் பயம் அவருக்குப் புதிதல்ல. நாலு நாளாக அதைத்தான் மாத்திரை போட்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"குறடு எங்க?" என்றார்.

சுப்பராயன் தயங்கவில்லை, இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். "இருவது வருசமா கட்றேன், சார். மொகத்த பாக்க மாட்டேன். பாத்தா கட்ட முடியாது," என்றவர் தானே குனிந்து கால் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

கோதண்டபாணி கம்பியை வெட்டினார். குறடு இரண்டு முறை வழுக்கியது. கம்பி விடுபட்டதும் சிங்காரி வாயைத் திறந்து, கடிக்காமல், காற்றை விழுங்கியது. வெளியிலிருந்து ஷரீஃப் ஒரு தகர டின்னை உள்ளே நீட்டினார்.

"ரேடியேட்டருக்கு வெச்ச தண்ணி, சார். வாயில கொஞ்சம் ஊத்துங்க, சாக்க நனச்சி மேல போடுங்க. நான் அத தொட மாட்டேன். தண்ணி குடுக்க தொடணும்னு இல்லியே?"

தண்ணீரைக் குடித்த பிறகு முதல் குட்டி வந்தது. அது அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. வலியில் காலை மடக்கிக் கட்டியிருந்த நேரம் அவற்றுக்கு அதிகமாகிவிட்டது. மூன்றாவது தும்மியது. பச்சையம்மா அதை முந்தானையால் துடைத்து முலைப் பக்கம் வைத்தாள். நாலாவது வந்தது.

"ஆச்சிம்மா, ஆச்சி சிங்காரி," என்று அவள் தடவிக்கொடுக்கக் கை நீட்டினாள்.

அந்தக் குரல் காதில் விழுந்ததும் சிங்காரியின் உடம்பு மொத்தமும் உதறியது. எழ முடியாத நிலையிலும் பின்னங்காலால் உந்தி, மூலைத் தகரத்தோடு ஒட்டிக்கொண்டது. குட்டிகள் முலையிலிருந்து நழுவின. பச்சையம்மா மறுபடியும், இன்னும் மெல்ல, "நான்தான்ம்மா," என்றாள். அது மூக்கைத் தகரத்தின் இடுக்கில் நுழைத்து, தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது.

சுப்பராயன் விரலை உதட்டில் வைத்து, பேசாதே என்று ஜாடை காட்டினார். பச்சையம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அவள் பேச்சு நின்ற பிறகுதான் சிங்காரியின் நடுக்கமும் நின்றது. கட்டிய ஆள் தொட்டபோது அது பொறுத்துக்கொண்டது. கூப்பிட்டவளின் குரலைத்தான் பொறுக்கவில்லை.

பஸ் ஒருவழியாக நகர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. கோதண்டபாணி இறங்கி முன்னால் வந்து ஏறினார். சட்டையில் ரத்தம். ஷரீஃப் வண்டியைப் பாலத்தின் கடைசி வரை ஓட்டிவந்து வேகத்தைக் குறைத்தார்.

"ரைட்டா, நேரா, சார்?"

மணி பன்னிரண்டு நாற்பது. வலது பக்கம் ரசீது இருந்தது, சம்பளம் இருந்தது, பதினாறு வருஷம் இருந்தது.

"நேரா போ."

"ரசீது?"

"நேரா போய்யா!"

சனிக்கிழமை நிபுணர்கள் வந்து கால்வாயைப் பார்த்தார்கள். பன்றி எதுவும் கண்ணில் படவில்லை. கால்வாய் பட்டது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். உத்தரவின் நோக்கம் முழுமையாக நிறைவேறியிருந்தது. ஆகவே திங்கட்கிழமை கோதண்டபாணிக்கு மெமோ வந்தது. மூன்று கேள்விகள். பதினொரு பன்றிகளை டிப்போவில் ஒப்படைக்காதது ஏன்? அலுவலக லாரியை அனுமதியின்றிப் பாலவாக்கம் வரை கொண்டு சென்றது ஏன்? தமது அறிக்கையில் 'தாய்ப் பன்றியின் மன வேதனை' என்று எழுதியிருப்பதற்கு ஆதாரம் என்ன?

முதலிரண்டு கேள்விகளுக்கும், தாம் செய்தது உண்மைதான் என்று ஒவ்வொரு வரியில் பதில் எழுதினார். மூன்றாவதற்கு இரண்டு பக்கம் ஆயிற்று. கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

'கால்வாய்க் கரையில் பன்றி திரியக் கூடாது என்பது நியாயம். எச்சில் இலையைச் சுவருக்கு அப்பால் எறிந்துவிட்டு, அதைத் தின்ன வந்ததைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. அப்புறப்படுத்தத்தான் வேண்டுமென்றால் அப்புறப்படுத்தலாம். வாயைக் கம்பியால் கட்டி, காலை மடக்கி, தண்ணீர் காட்டாமல் வெயிலில் அடுக்கித்தான் செய்ய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சொன்னால் அந்த விதியை மாற்ற வேண்டும். பயமும் வலியும் நம்பிக்கையும் நம் இனத்துக்கு மட்டும் ஒதுக்கீடு செய்யப்பட்டவை அல்ல என்பதை அடியேன் லாரியின் பின்பக்கத்தில் கண்டேன். வாக்குக் கொடுத்து மீறியது என் குற்றம். அதற்கான தண்டனையை ஏற்கத் தயார்.'

பச்சை மையில் குறிப்பு வந்தது: 'விளக்கம் திருப்திகரமாக இல்லை. மூன்றாம் கேள்விக்கு ஆதாரம் எதுவும் இணைக்கப்படவில்லை. சஸ்பெண்ட் செய்க.'

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வேலையில்லாத கோதண்டபாணி பாலவாக்கத்துக்குப் போனார். சவுக்குத் தோப்பின் ஒரு மூலையில் கீற்றுப் பட்டி போட்டிருந்தார்கள். சேற்றுப் பள்ளம், நிழல், தண்ணீர்த் தொட்டி. கடுவனும் மற்றவையும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. லாரியில் பிழைத்த இரண்டும் அதற்குப் பிறகு பிறந்த நாலுமாக ஆறு குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. சிங்காரி கண்ணை மூடிக்கொண்டு, ஒரு தாளத்தோடு மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

பச்சையம்மா கூழைக் கொண்டுவந்து பட்டிக்குள் வைத்தாள். தட்டைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. பத்தடி தள்ளிப் போய்க் குந்திக்கொண்டாள். அவள் நகர்ந்த பிறகு சிங்காரி எழுந்து வந்து கூழில் வாய் வைத்தது. ஒரு கண் அவள் மேலேயே இருந்தது.

கோதண்டபாணி பேச வாயெடுத்தார். பச்சையம்மா அவசரமாகக் கையைக் காட்டி நிறுத்தி, அவரைத் தோப்புக்கு வெளியே, ரோட்டோரம் வரை கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே வந்துதான் அவளுக்குக் குரல் வந்தது.

"அதும் காதுல வுழற தூரத்துல நான் பேசறதில்ல, சார். பேசினா குட்டிய தள்ளிட்டு எழுந்துக்குது. மூணு வாரமா ஊமையாத்தான் சோறு வெக்கறேன்."

"சரியாயிடும், பச்சையம்மா."

"ஆவுமோ, ஆவாதோ. இன்னிக்கு நான் பத்தடில குந்தினேன். மொத நாளு அம்பதடி தள்ளி நின்னாத்தான் துன்னுச்சி." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க வேல இன்னா ஆச்சி, சார்?"

அவர் மெமோவைப் பற்றிச் சொன்னார். பன்றிக்கு மனசு இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்கிறார்கள் என்றும், ஒரு மிருகத்துக்கு அப்படி என்ன தெரியும் என்று ஹெல்த் ஆபீசர் எல்லார் எதிரிலும் கேட்டுச் சிரித்தார் என்றும் சொன்னார்.

பச்சையம்மா சிரிக்கவில்லை. திரும்பித் தோப்புப் பக்கம் பார்த்தாள். அங்கே கேட்டுவிடக் கூடாதே என்று குரலை இன்னும் தணித்துக்கொண்டாள்.

"கூப்ட்டது யாருன்னு அதுக்குத் தெரியும், சார். நம்பி வந்தா இன்னா பண்ணாங்கன்னும் தெரியும். அத்த மறக்காம நெஞ்சுல வெச்சிகினு, பெத்த குட்டிய எங்கிட்டேர்ந்து காப்பாத்திகினு கீது. உங்க ஆபீசர வந்து கேக்கச் சொல்லுங்க, இதுக்கு மேல மன்சனுக்குத்தான் இன்னா தெரியும்னு."